பேயும் பதிவேடும்

அன்புள்ள ஐயா,

நான் எழுதிவரும் முதல் நாவலின் சுருக்கத்தையும் மூன்று அத்தியாயங்களையும் அனுப்பியிருக்கிறேன். அரிசோனாவின் செலிக்மன் ஊரில், பழைய 66ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு மோட்டல். 1979இல் அங்கே இரவு வேலை பார்த்த பெண் காணாமல் போகிறாள். 2015இல் அவளுடைய அக்கா மகள் தேடி வருகிறாள். சுவருக்குள் சித்தியின் டைரி கிடைக்கிறது. பேயை எந்த அத்தியாயத்தில் காட்டலாம்? இரண்டு காலங்களுக்கும் பக்கங்கள் சமமாக வேண்டுமா? அமெரிக்காவில் வாழாத நான் இதை எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுதலாம். பக்கக் கணக்கை நாவல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். அந்தப் பெண் நள்ளிரவில் சாவிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே எண்ணும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உங்களுக்கு எழுத வருகிறது. அதனால்தான் கோபமும் வருகிறது. சுவருக்குள் டைரியா? காணாமல் போனவளே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் அக்கா மகளுக்கு என்ன வேலை, பக்கம் புரட்டுவதா? அவள் காணாமல் போவாள் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரண்டு காலக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. டைரியைத் திறந்ததும் அது போய்விடுகிறது.

மோட்டலில் டைரி எதற்கு? பதிவேடு இருக்கிறதே! பெரிய ஹோட்டலில் முன்னறையைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும். மோட்டலில் அறைக் கதவு நேராகக் கார் நிற்கும் இடத்தில் திறக்கிறது. யார் யாரோடு உள்ளே போனார்கள் என்று மேசையில் இருப்பவளுக்குத் தெரியாது. அதனால்தான் பெயரோடு கார் எண்ணையும் எழுதச் சொல்வார்கள். பெயரில் பொய் சொல்வது சுலபம். எண் வாசலிலேயே நிற்கிறது, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே கார் எண், மூன்று மாதங்களில் மூன்று பெயர்கள். அக்கா மகள் விரலை வைத்து வரிவரியாகத் தேடி, தானே கண்டுபிடிக்கட்டும்.

இதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அதே சாலையில் ஒரு மோட்டலில் தங்கினேன். அதை நடத்திய அம்மா பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். 1978 கோடைகாலப் பக்கங்களில் இடமே இல்லை, ஓரத்தில்கூடச் சாய்த்து எழுதியிருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 22 அன்று செலிக்மனைத் தொடாமல் போகும் ஐ-40 என்ற புதிய விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அப்புறம் ஒரு வாரம் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. ஆள் வராத நாட்களிலும் அதே கையெழுத்து தேதியை எழுதி, எதிரில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் 1979இல் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எப்படி நிற்கும்? சாலை போய் வருடமாகிவிட்டதே. இதைப் பார்க்காமல் பேய்க்கு அத்தியாயம் தேடுகிறீர்கள். லாரிகளை அனுப்பிவிடுங்கள். பத்து நாளாக ஆள் இல்லை, அன்றைய கோட்டையும் போட்டு முடித்துவிட்டாள். அப்போது ஒரு கார் உள்ளே திரும்புகிறது. பேனாவைத் திரும்ப எடுக்கிறாள்.

அந்த இரவை எழுதி அனுப்புங்கள்.