நிலத்தை விற்று ஸ்டெம் செல் போடலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு நான்கு வயது, பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு முகாமில், மூன்று தடவை ஸ்டெம் செல் போட்டால் பேசிவிடுவான் என்றார்கள். சிறுநீர் ரிப்போர்ட்டைக் காட்டி, உடம்பில் பாதரசம் இருக்கிறது, மருந்து ஏற்றி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு மா நிலத்தை விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள் அம்மா. முன்பணம் கேட்டால் அதையும் கட்டாதீர்கள்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல், பலன் தரும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறை வாரியம் 2022லேயே இதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரம் செய்வதும் எழுதிக்கொடுப்பதும் தொழில்முறைத் தவறு என்று சொல்லிவிட்டது. பெரும்பாலும் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்லை முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவார்கள். நான்கு வயசுப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் இதைச் செய்ய முடியும், அதையே மூன்று தடவை என்கிறார்கள். 'இது ஆராய்ச்சி' என்று சொன்னால் அந்த ஆராய்ச்சியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆராய்ச்சியில் சிகிச்சைக்குப் பெற்றோரிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

பாதரச ரிப்போர்ட்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைப்பது. உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீர் பிடித்தால் யாருக்குமே அளவு கூடித்தான் காட்டும், உங்களுக்கும் எனக்கும்கூட. அந்த எண்ணை மருந்தே சாப்பிடாதவர்களுக்கான சாதாரண அளவோடு ஒப்பிட்டு, சிவப்புக் கோடு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் மருந்து கொடுத்த பிறகு எடுத்தது என்று சின்னதாக இருக்கிறதா பாருங்கள், நான் பார்த்த சிலவற்றில் இருந்தது. இந்த மருந்தேற்றுதல் விளையாட்டுக் காரியம் இல்லை. 2005ல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசக் குழந்தை ஒன்று இப்படி மருந்து ஏற்றும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனது.

'பக்கத்து ஊர்ப் பையன் ஊசி போட்டபின் பேசினானே' என்பார்கள். நான்கு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகள் தானாகவே கொஞ்சம் முன்னேறுவார்கள். அதே மாதங்களில் பேச்சுப் பயிற்சிக்கும் போயிருப்பார்கள், பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விடும்.

சரி, என்ன செய்வது? முதலில் காது கேட்கிறதா என்று முறையான சோதனை. அப்புறம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் (வளர்ச்சிக் குறையைச் சின்ன வயதிலேயே கவனித்துப் பயிற்சி தரும் இடம்) எங்கே என்று கேட்டுப் போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டால் நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் சேர்த்து.

வீட்டிலும் நிறைய செய்யலாம். தண்ணீர் பிடிக்கும் பிள்ளையா? குளிக்கும்போது சொம்பில் மொண்டு ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருங்கள், பார்த்ததும் 'ஊத்து' என்று சொல்லி ஊற்றுங்கள். முதல் வாரம் பார்வை மட்டும்தான் வரும், கையை இழுப்பான், ஒரு சத்தம் போடுவான். அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். அவன் அப்பா, பாட்டி, எல்லோரும் ஒரே மாதிரி செய்யட்டும்.