தேரி மண்ணில் லெட்யூஸ் வருமா?

திசையன்விளையில் வீட்டுத்தோட்டம் போட்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பங்குனியில் லெட்யூஸ் என்ற சாலட் கீரை விதைத்தேன். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்ததும் இலை விரியுமுன் தண்டு விட்டுப் பூத்துவிட்டது, ஒரே கசப்பு. பாலைவனத்திலேயே விளைகிறதாமே, எங்கள் தேரி மண்ணில், இந்தச் செம்மணலில், ஏன் வரவில்லை?"

மண்ணைக் குறை சொல்லாதீர்கள் அம்மா, மாதம்தான் தப்பு. அமெரிக்காவில் அரிசோனாவின் யூமா பாலைவன ஊர்தான். அந்த நாட்டின் குளிர்கால லெட்யூஸில் பெரும்பகுதி அங்கே விளைகிறது. ஆனால் அறுவடை நவம்பரில் தொடங்கி மார்ச்சை ஒட்டி முடிந்துவிடும். அதோடு, பாலைவனத்தில் குளிர்கால ராத்திரி 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். நமக்கு மார்கழியிலும் 20-க்குக் கீழே போவது அபூர்வம். இந்த விஷயத்தில் பாலைவனத்தைவிட நம் ஊர்தான் லெட்யூஸுக்குக் கஷ்டமான இடம். அதனால் உருண்டையாகக் கட்டும் ஐஸ்பெர்க் வகையை விட்டுவிட்டு, இலை இலையாக விரியும் வகையை வாங்குங்கள்.

ஐப்பசிக் கடைசியில் தொடங்கி, தை நடுவோடு விதைப்பை நிறுத்திக்கொள்ளலாம். மண்சூடு 30 டிகிரியைத் தொட்டாலே பெரும்பாலான லெட்யூஸ் விதை முளைக்காமல் உறங்கிவிடும். ஈரத்துணியில் விதையை மடித்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்து, சாயங்காலம் நாற்றுத்தட்டில் தூவுங்கள். மேலே மண்ணைக் கொட்டி மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் வேண்டிய விதை இது. பொடி மண் லேசாகத் தூவினால் போதும். வேப்பமர நிழலில் தட்டை வைத்து, நாலைந்து இலை வந்ததும் பாத்திக்கு மாற்றுங்கள்.

தேரி மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. குளத்துக் கரம்பை என்ற வண்டல் மண்ணும் மக்கிய சாணமும் தாராளமாகக் கலந்து, மழைக்குத் தண்ணீர் வடியும்படி பாத்தியை உயர்த்திவிடுங்கள். மதிய வெயிலுக்குப் பனையோலைப் பந்தலோ 50 சதவீத நிழல்வலையோ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் லெட்யூஸ் தாங்காது. இலை ஓரம் கருகும். கடற்கரைப் பக்கம் இதைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

செடி முழுசாக வளரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நட்டு ஒரு மாதத்திலேயே வெளி இலைகளைக் காலையில் பறித்துவிடலாம். நடுக்குருத்து மேலே எழும்பி, இலைக்கு இலை இடைவெளி கூடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் செடி பூக்கப் போகிறது, காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் நிறையக் கசியும். அப்புறம் கசப்புதான், நிழல் போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் மாறாது. பிடுங்கிவிட்டு வேறு நடுங்கள்.

மாசிக்கு அப்புறம் அந்தப் பாத்தி சீனியவரைக்கும் (கொத்தவரை) வெண்டைக்கும் தண்டங்கீரைக்கும் உரியது. இவை நம் வெயிலுக்கு அசராது. கோடையிலும் பச்சையாகத் தின்ன இலை வேண்டுமா? பருப்புக்கீரை போடுங்கள். லேசான புளிப்பும் சதைப்பற்றும் உள்ள இலை, மணலிலும் படர்ந்து வரும். வெங்காயம், எலுமிச்சையோடு நன்றாக இருக்கும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்றுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஓலைத்தட்டி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஊற்றிய ஈரம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.