கிரீன் டீ குடித்தால் முகம் பொலிவாகுமா? பால் டீ குடித்தால் கறுத்துப்போவோமா?

கேள்வியில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். தினமும் கிரீன் டீ குடித்தால் முகம் பொலிவாகுமா, பால் டீ குடித்தால் தோல் கறுக்குமா, கிரீன் டீ மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா. நான் கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் சாப்பாடு, படிப்பு எல்லாமே பச்சைத் தேயிலை விற்ற காசில் வந்ததுதான். அதனால் டீயை யாராவது திட்டினால் எனக்கு மனசு கேட்காது. அதற்கு இல்லாத மகிமையைச் சொல்லி விற்றாலும் கேட்காது.

முதலில் இந்தக் கறுப்பு விஷயம். "டீ குடிக்காதடி, கறுத்துடுவே" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பெண்பிள்ளைகள் நம் பக்கம் குறைவு. இதில் துளியும் உண்மை இல்லை. தோலின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது. அது எவ்வளவு என்பதைப் பரம்பரையும் மேலே படுகிற வெயிலும் முடிவு செய்கின்றன. டீயின் நிறம் வயிற்றைத் தாண்டித் தோலுக்கு வர வழியே கிடையாது. எங்கள் ஊரில் கொழுந்து பறிக்கிற அக்காமார்களின் முகமும் கையும் கறுத்திருக்கும் என்றால் அதற்குக் காரணம் வெயில். குளிராகத்தானே இருக்கிறது என்று மலை வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆயிரம் மீட்டர் உயரே போனால் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடும். கறுப்பாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை, அது வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு டீ வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணங்கள் உண்டு: தூக்கம் கெடும், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதைச் சொல்லியே தடுக்கலாமே.

அடுத்து கிரீன் டீ. அதுவும் நம் டீத்தூளும் ஒரே செடியின் இலைதான். எங்கள் ஊர் ஃபேக்டரியில் இலை வந்ததும் பரப்பி வாடவிடுவார்கள். வாடிய இலை சி.டி.சி. மிஷினின் பல் உருளைகளுக்கு நடுவே போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். அப்போது அது பச்சையாகத்தான் இருக்கும், புல் வெட்டிய வாசனை அடிக்கும். காற்றுப் படும்படி வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பு நிறத்துக்கு மாறி, வாசனையும் பழ வாசனையாகும். அந்த நேரத்தில்தான் இலையில் இருக்கிற கேட்டசின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் பெரும்பாலும் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்று வேறு பொருட்களாக ஆகின்றன. கிரீன் டீக்கு இலையை முதலிலேயே சூடுகாட்டி இந்த மாற்றத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் கேட்டசின் அப்படியே நிற்கும். இரண்டிலுமே ஆன்டிஆக்சிடன்ட் உண்டு. சாதா டீ வெறும் சக்கை என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கேட்டசின் தோலுக்கு நல்லது செய்யுமா? 2011-ல் ஜெர்மனியில் 60 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், 12 வாரம் தினமும் சுமார் 1,400 மில்லிகிராம் கேட்டசின் குடித்தவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது 25 சதவீதம் குறைந்தது. நான்கு வருடம் கழித்து இங்கிலாந்தில் இதே மாதிரி 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லும்படியான பலன் இல்லை. நாம் வீட்டில் போடுகிற ஒரு கப்பில் 1,400 மில்லிகிராமில் சிறு பங்குதான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனவே பிடித்திருந்தால் கிரீன் டீ குடியுங்கள். பொலிவு வரும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்காதீர்கள். வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும்தான்.

இனி, என்னைக் கேட்டால் முக்கியமான விஷயம். டீ எந்த நிறம் என்பதைவிட அதை எப்போது குடிக்கிறோம், என்ன சேர்த்துக் குடிக்கிறோம் என்பதுதான் முகத்தில் தெரியும்.

என் அம்மாவுக்குத் தோட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாடும் டீயும் ஒன்றாகத்தான் உள்ளே போகும். ஒரு கட்டத்தில் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே சோர்வு தட்டி, தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, ஹீமோகுளோபின் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த தடவை பார்த்தபோதும் பெரிதாக ஏறவில்லை. அங்கிருந்த நர்ஸ், "மாத்திரைய எதுலம்மா போட்டுக்கறீங்க?" என்று கேட்டார். அம்மா, "டீயிலதான்" என்றார். "அதான் சேரமாட்டேங்குது. மாத்திரைய எலுமிச்சை ஜூஸ்ல போடுங்க, டீயைப் பதினோரு மணிக்குத் தள்ளி வைங்க." அம்மா டீயை விடவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். மாத்திரை, கீரை, இந்த நேர மாற்றம் எல்லாம் சேர்ந்து சில மாதத்தில் ரத்தமும் ஏறியது, முகத்திலும் களை வந்தது.

டீயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது கீரை, பயறு, கேழ்வரகு போன்றவற்றின் இரும்புச்சத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிக்கு மேல்! இட்லியோடு டீ குடிக்கிற பழக்கம் உள்ள ஒரு பெண், முகம் டல்லாக இருக்கிறது என்று கிரீன் டீ டப்பா வாங்கி, அதையும் சாப்பிட்ட கையோடு குடித்தால் என்ன பலன்? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். அது தெரியாமல் முகத்துக்கு எதையும் வாங்காதீர்கள்.

அப்புறம் சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு முதல் பத்து கிராம். நாலு டீ குடித்தால் அதிலேயே 40 கிராம் வரைக்கும் போய்விடும். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலினும் ஏறும், அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும். முகப்பரு உள்ளவர்கள் சர்க்கரையையும் கூடவே வருகிற பன்னையும் பிஸ்கட்டையும் குறைத்தாலே வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பரு அதிகம் என்றால் சில வாரம் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

நாம் ஏன் இவ்வளவு சர்க்கரை போடுகிறோம்? தூளைக் கொதிக்கக் கொதிக்க வைப்பதால். டானின் எல்லாம் இறங்கிக் கசந்துபோகும், கசப்பை மறைக்க இன்னொரு ஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போடுங்கள். மூடி வைத்து மூன்று நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். நல்ல தூளாக இருந்தால் டிகாஷன் செக்கச்செவேல் என்று இறங்கும், வாசனை தூக்கும். ஏலக்காயோ இஞ்சியோ தட்டிப் போட்டால் அரை ஸ்பூன் சர்க்கரையே தாராளம்.

தூளில் கலப்படச் சாயம் இருக்கிறதா என்று பார்க்க, வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். உடனே திட்டுத்திட்டாகக் கறை பிடித்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம். லூஸில் மலிவாகக் கிடைக்கும் தூளை நம்பாதீர்கள், எங்களைப் போல இலை விற்கிறவர்களின் பிழைப்பையும் அது கெடுக்கிறது.

பொதுவான ஆரோக்கியத்துக்கு டீ நல்லதுதான். பிரிட்டனில் சுமார் ஐந்து லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களின் இறப்பு விகிதம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே பெரும்பாலும் பால் சேர்த்த சாதா டீதான். டீயால்தான் குறைந்தது என்று அதை வைத்துத் துணிந்து சொல்ல முடியாது, ஆனால் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லலாம். கடைசி டீ சாயங்காலம் நாலு மணிக்குள் முடியட்டும். குடித்த கேஃபைனில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும், தூக்கம் கெட்டால் அடுத்த நாள் முகம் காட்டிக்கொடுக்கும். கர்ப்பிணிகள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாக்கு பொத்துப்போகிற சூட்டில் யாருமே குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் எச்சரித்திருக்கிறது.

கடைசியாக மாத்திரை. வேண்டாம். கிரீன் டீ சாறைச் செறிவாக்கி மாத்திரையாக எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் வகையை ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இப்படி எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, பசி விட்டுப்போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.