பழைய டர்ன்டேபிள் வாங்கப் போகிறீர்களா? ஊசியை விடுங்கள், கையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஒரு கட்டு எல்பி தட்டுகள் சும்மா கிடக்கின்றன. புது டர்ன்டேபிள் வாங்க அவ்வளவு பணம் இல்லை. பழையது வாங்கலாமா, இல்லை சூட்கேஸ் மாதிரி வருகிற சின்ன பிளேயரே போதுமா? பழையது என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பழையதையே தேடுங்கள். ஸ்பீக்கரோடு வரும் மலிவு சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சின்னப் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்). நல்ல கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் அழுத்தம் போதும் என்றால், இவற்றில் ஊசி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் அழுத்தும். குறைக்க வழியும் வைத்திருக்க மாட்டார்கள். 1970, 80களில் வந்த நடுத்தர ஜப்பான் அல்லது ஜெர்மன் மாடல் ஒன்று உங்கள் பணத்துக்குள் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் பணத்தை முழுவதும் அதில் போட்டுவிடாதீர்கள். கூடவே வரும் ஊசி தேய்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் என்ன சொன்னாலும் சரி. ஆடியோ-டெக்னிகா கம்பெனி தன் கூம்பு முனை ஊசிக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம் என்று ஆயுள் சொல்கிறது. முந்தைய சொந்தக்காரர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்? தேய்ந்த ஊசி உங்கள் தட்டுகளைத்தான் செதுக்கும். எனவே புது ஊசிக்கோ கார்ட்ரிட்ஜுக்கோ முதலில் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பட்ஜெட் என்று கொள்ளுங்கள்.

கார்ட்ரிட்ஜ் இரண்டு திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். திருகுகளுக்கு நடுவே 12.7 மி.மீ. இடைவெளி என்பது பொது அளவு. எந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜும் பொருந்தும். டி4பி என்ற, பிளக் மாதிரி சொருகும் வகையும் உண்டு. அது மோசமில்லை, ஆனால் இன்று தேர்வு குறைவு. பழைய ஷ்யூர் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்தக் கம்பெனி 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. வேறு கம்பெனிகள் செய்யும் மாற்று ஊசிதான் கதி.

சுழல்தட்டைச் சுற்ற வைக்கும் ரப்பர் பெல்ட்டும் ஊசியைப் போலத்தான், மாற்ற வேண்டியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழுபட்டிருக்கும், சில சமயம் உருகித் தார் போல ஒட்டியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதுசு மாட்டினால் முடிந்தது. ‘ஓடவில்லை’ என்று மலிவாக விற்கப்படும் பெல்ட் மாடல்களில் மோட்டார் மட்டும் சுழன்றால், அது நல்ல வேட்டை.

மாற்ற முடியாதது டோன் ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் அந்தக் கை. நேரில் போனால் அதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஆன்டி-ஸ்கேட்டை (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, பின்னால் இருக்கும் எடையைத் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். இப்போது பக்கவாட்டில் லேசாக ஊதுங்கள். தடையில்லாமல் நகர வேண்டும். ஓரிடத்தில் தயங்கினாலோ, ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றாலோ பேரிங் போய்விட்டது. அடுத்து, முன்முனையை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக் டக்’ என்ற ஆட்டம் கையில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். சில மாடல்களில் ஒரே கூர்முனை மீதோ கத்தி விளிம்பு மீதோ உட்கார்ந்திருக்கும் கை கொஞ்சம் ஆடும். அது அதன் அமைப்பு. பின்னெடை தொலைந்துபோயிருந்தால் வாங்க வேண்டாம். ஒரு மாடலின் எடை இன்னொன்றுக்குப் பொருந்துவது அபூர்வம்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி எண்ணுங்கள். 33⅓ வேகம் என்றால் சரியாக 3 நிமிடத்தில் 100 சுற்று. சராசரி சரியாக இருந்தும் வேகம் உள்ளுக்குள் அலைபாயலாம். அதற்கு, நீண்ட பியானோ ஒலி உள்ள தட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். வேகம் அலைந்தால் சுருதியும் அலையும், பியானோ பொய் சொல்லாது. அப்படியே இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை வைத்தே வேகம் பிடிக்கும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததானால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ கிட்டத்தட்ட 28 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. டிசி மோட்டார், டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுவது) வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டைரக்ட் டிரைவ் என்றதும் எல்லோரும் 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-ஐத்தான் கேட்பார்கள். அருமையான மெஷின், மறுப்பதற்கில்லை. ஆனால் பேருக்காகவே விலை ஏறிக் கிடக்கிறது, டிஜேக்களிடம் அடிபட்டு வந்ததும் நிறைய. உங்கள் பட்ஜெட்டுக்கு அந்தக் கம்பெனியின் எளிய மாடல்கள் போதும். டோன் ஆர்ம் தானாகவே நகரும் முழு ஆட்டோமேட்டிக்கைவிட, நாமே நகர்த்தும் மேனுவல் பாதுகாப்பு என்பது என் கட்சி. ஆட்டோமேட்டிக்கின் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். கை பாதியில் நின்றால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள்.

இன்னொரு செலவையும் பலர் மறந்துவிடுவார்கள். இந்தக் கார்ட்ரிட்ஜ்கள் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயரில் ‘போனோ’ என்று தனி இணைப்பு இருக்க வேண்டும். இல்லையேல் அந்தச் சிக்னலைப் பெரிதாக்கிச் சீராக்கும் போனோ பிரீ-ஆம்ப் ஒன்று வாங்க வேண்டும். நேராக ‘ஆக்ஸ்’ என்ற சாதாரண இணைப்பில் சொருகினால் பாஸே இல்லாமல் ஈனமாக ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு மெஷின் கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உறுமல் சத்தம் வந்தால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள்.

உங்கள் கட்டில் 78 வேக அரக்குத் தட்டுகளும் கலந்திருந்தால், எல்பி ஊசியால் அவற்றைத் தொடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும்.

கூரியரில் அனுப்புகிறேன் என்பவரிடம் கூடுமானவரை வாங்காதீர்கள். நேரில் எடுத்துவரும்போதும் பின்னெடையைக் கழற்றுங்கள், கழன்று வருகிற சுழல்தட்டானால் தனியாக எடுத்துச் சுற்றுங்கள், கையை அதன் தாங்கியில் கட்டுங்கள். ஸ்பிரிங் வைத்த மாடல்களில் பயணத் திருகுகள் இருந்தால் இறுக்கிவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.