கண்ணாடிக் கடைக்கு அல்ல, கண் கிளினிக்குக்கு

கேள்வி: வயது 54, கிளிநொச்சி. சலப்பை நோவுக்கு கனடாவிலிருந்து மகள் அனுப்பும் பென்டோசான் குளிசையை மூன்று வருடமாகக் குடிக்கிறேன். நோவு கூடினால் டைக்ளோபெனாக்கும் போடுவேன். தலைமயிர் கொட்டுகிறது. கிட்னி பழுதாகிவிடுமோ? பொழுதுபட்டால் கண்ணும் மங்குகிறது, கண்ணாடி மாற்றவா?

பதில்: கண்ணாடி மாற்ற வேண்டாம், அம்மா. நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய கண் மங்கல்தான் இந்தக் கடிதத்திலேயே அவசரமான விஷயம்.

பென்டோசானை நெடுங்காலம் குடித்த சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவது 2018இல் தெரியவந்தது. 2020இல் அமெரிக்காவில் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலும் சேர்த்தார்கள். குடித்த மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். வழமைபோல 100 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று என்றால், இதற்குள் 300 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். இந்தப் பழுது வந்தால், வெயிலிலிருந்து வீட்டுக்குள் வரும்போது கண் பழக நேரமெடுக்கும், வாசிக்கையில் எழுத்து விடுபடும், நேர்கோடு நெளியும். எழுத்துப் பலகையை வாசிக்க வைத்தால் ஆரம்பத்தில் 6/6, அதாவது பார்வை சரி, என்றே வரலாம். ஆகவே கண்ணுக்கு மருந்து விட்டு, கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கானும் வேண்டும். வவுனியாவோ யாழ்ப்பாணமோ, இந்தக் கிழமையே போங்கள். குளிசைப் பெட்டியைக் கையில் கொண்டுபோய், எத்தனை வருடம் குடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வயதுக்கு வரும் தேய்வு என்று நினைக்க இடமுண்டு. கண்ணுக்கு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கும், ஸ்கூட்டி ஓட்டிப் போகாதீர்கள்.

குளிசையை இன்றே நிறுத்துங்கள். நோவு திரும்பலாம், வேறு கேடு வராது. விழித்திரையில் போனது பெரும்பாலும் திரும்பி வராது, நிறுத்திய பிறகும் சிலருக்குக் கூடியிருக்கிறது.

தலைமயிர்? பென்டோசானாலேயே கொட்டும், நிறுத்தினால் பெரும்பாலும் முளைக்கும். கிட்னிக்குப் பயந்தால் பென்டோசானை அல்ல, டைக்ளோபெனாக்கைப் பாருங்கள். வெயிலில் வயலில் நின்று தண்ணீர் குடிக்காமல் அதைப் போடுவதுதான் கிட்னியைக் கெடுக்கும். பென்டோசான் இரத்தம் உறைவதையும் சற்றுத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

நோவுக்கு இரவில் 10 மி.கி. அமிற்றிப்டிலின் குளிசையை சலப்பையைப் பார்க்கும் கிளினிக்கில் தருவார்கள். வாய் காயும், தூக்கம் வரும். ஆனால் கண் அழுத்தம் கூடுதலென்று கண் வைத்தியர் சொன்னால், அதைத் தொடங்குமுன் அங்கே தெரிவியுங்கள். சலம் போவது தடைப்பட்டாலும் சொல்லுங்கள்.

மகளிடம் அடுத்த பார்சலில் குளிசை வைக்க வேண்டாமென்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.