உரிமம் உள்ள கைத்துப்பாக்கியைச் சொந்தக் காரில் எடுத்துச் செல்லலாமா?

“அப்பாவிடம் உரிமம் உள்ள ரிவால்வர் இருக்கிறது, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும் பெங்களூருக்கும் போய்வரும்போது அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாமா, சொந்தக் கார்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயணங்களில் அப்பாவும் உடன் வருகிறாரா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். வருவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வயதானவர் வீட்டில் இருக்க, தொழில் காரணமாக நேரங்கெட்ட நேரத்தில் நீங்கள் தனியாக ஓட்டிச் செல்பவராக இருப்பீர்கள். அப்படியானால் கூடாது. டேஷ்போர்டில் மட்டுமல்ல, டிக்கியில் பூட்டி வைத்தும் கொண்டு போகக் கூடாது.

நான் வழக்கறிஞர் அல்லன். ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிர் செய்பவன். கூலிப் பட்டுவாடாவுக்காகச் சேலத்து வங்கியிலிருந்து ரொக்கத்தை மலைக்கு ஏற்றிவர வேண்டியிருந்த காலத்தில் உரிமம் வாங்கி, இன்றுவரை முறையாகப் புதுப்பித்து வருபவன். துப்பாக்கி வைத்திருப்பதைப் பீற்றிக்கொள்ள வந்துவிட்டார் என்று கருத்துப் பகுதியில் எழுதப் போகிறவர்கள், இதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்பதை முழுவதும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3 ஆம் பிரிவின்படி, துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். அந்த உரிமம் ஓர் ஆளுக்குத் தரப்படுவது, குடும்பத்துக்கோ வீட்டுக்கோ வண்டிக்கோ தரப்படுவதன்று. உரிமதாரர் உடனிருக்கும்போது, அல்லது அவர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருக்கும்போது, பழுது பார்ப்பதற்காகவோ உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவோ அவரே பயன்படுத்துவதற்காகவோ மட்டும் இன்னொருவர் அதைச் சுமந்து செல்லலாம் என்று அதே பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. “மகன் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளட்டும்” என்று அப்பா நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அது இந்த விலக்குக்குள் அடங்காது. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கான தண்டனை, 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிக அளவாக 5 ஆண்டு சிறை.

“சொந்தக் கார்தானே” என்ற எண்ணம் அமெரிக்கக் காணொளிகளிலிருந்து வருகிறது என்பது என் ஊகம். டெக்சாஸ் மாநிலத்தில் 2007 முதல், வெளியில் தெரியாதபடி கைத்துப்பாக்கியைத் தம் சொந்த வாகனத்தில் வைத்துச் செல்லத் தனி உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். அங்கே காரை ஏறக்குறைய வீட்டைப் போலவே பார்க்கிறார்கள். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவருக்குப் பாதுகாப்புத் தரும் 1986 ஆம் ஆண்டின் அவர்களது நடுவணரசுச் சட்டமும், டிக்கி இல்லாத வண்டியாக இருந்தால் குண்டு நிரப்பாத துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், டேஷ்போர்டு அறை அந்தப் பெட்டியாகாது என்றுதான் சொல்கிறது. நம் சட்டத்தின் 23 ஆம் பிரிவோ, எந்தக் காவல்துறை அதிகாரியும் வாகனத்தை நிறுத்திச் சோதனையிட்டு, ஆயுதம் அகப்பட்டால் அதனோடு வாகனத்தையும் சேர்த்துக் கைப்பற்ற இடம் தருகிறது.

அப்பா உடன் வருகிறார் என்றால், எப்படி எடுத்துச் செல்வது என்பது அடுத்த கேள்வி. 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பிணைத்த உறையிலோ முதுகுப்பை போன்ற ஒன்றிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் ஒரு தேர்தல் சமயத்தில் அடிவாரச் சோதனைச் சாவடியில் அரை நாளைக் கழித்தேன்.

தேர்தல் தேதி அறிவித்தவுடன் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். காவல் நிலையத்தில் கொடுக்கலாம், அல்லது உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைத்துவிட்டு ரசீதைக் காட்டலாம். நான் சேலத்துக் கடையில் வைக்க எண்ணி, ரிவால்வரில் குண்டில்லாமல் உறையிலிட்டு, தோட்டாக்களைத் தனி டப்பாவில் போட்டு, இரண்டையும் ஒரு தோள்பைக்குள் வைத்து மடியில் கிடத்திக்கொண்டு மலையிறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து அடிவாரத்துக்கு வந்தால், பறக்கும் படை நிற்கிறது. கேட்பதற்கு முன்பே, பையில் துப்பாக்கி இருக்கிறது, ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று சொல்லி அறிவிப்பின் நகலை நீட்டினேன். இளம் உதவி ஆய்வாளர் ஒருவர், “பை வண்டியிலேயே இருக்கட்டும், நீங்க மட்டும் இறங்குங்க” என்றார். பை என்னோடுதான் இறங்கும் என்றேன். ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்க, நான் பையை விட்டு இறங்கிய மறுகணம் அது யாருடைய கையில் இருக்கிறது என்று நாளைக்கு ஒரு வழக்கில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அந்த ஓட்டுநர். உதவி ஆய்வாளர் அதை அதிகாரத்தை எதிர்ப்பதாக எடுத்துக்கொண்டார், குரல் உயர்ந்தது, பின்னால் வந்த சுற்றுலா வண்டிகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

படைக்குத் தலைவராக வந்திருந்த வருவாய்த்துறை அலுவலர்தான் நிலைமையைச் சீராக்கினார். சட்டைப் பையிலிருந்து உரிமப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு முத்திரை, அவற்றில் பழையவை ஊதா மை கரைந்து பக்கத்தின் மறுபுறம்வரை ஊறிப்போனவை. அவர் அவசரமில்லாமல் புரட்டி, துப்பாக்கியின் எண்ணைப் புத்தகத்தின் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். தோட்டாக்களை பானட்டின் மேல் நிற்க வைத்துப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒளிப்பதிவு செய்ய வந்திருந்த பையன், “கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டுங்க சார், சரியா விழல” என்றான். பொது இடத்தில் துப்பாக்கியை உயர்த்திக் காட்டுவதற்கும் அதே விதிகளில் தடை இருக்கிறது என்று சொல்லி மறுத்தேன். அலுவலர் சிரித்துவிட்டார், உதவி ஆய்வாளர் சிரிக்கவில்லை. பிறகு எங்கெங்கோ தொலைபேசியில் பேசிச் சரிபார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவர்கள் கடமையை நான் குறை சொல்லவில்லை. புத்தகம் வீட்டில் இருக்கிறது, கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்பவராக நான் இருந்திருந்தால், உரிமத்தைக் கேட்கவும், காட்டத் தவறினால் துப்பாக்கியைக் கைப்பற்றவும் 19 ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது.

ஆகையால் காரை ஏதேனும் ஒரு விடுதி வாசலில் நிறுத்தி, சாவியை அங்குள்ள பையனிடம் கொடுத்து உள்ளே போகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை யோசித்துப் பாருங்கள். அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972 இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் அந்தப் பையன் கடைசியில் தப்பலாம். ஆனால் அந்தக் கடைசி எத்தனை வாய்தாவுக்குப் பிறகு வரும் என்பது நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும். சர்வீஸுக்கு வண்டி விடும்போதும் இதே கதைதான்.

உரிமத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளைப் பெரும்பாலானோர் படிப்பதேயில்லை. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கோ கோடை விழா மலர்க் கண்காட்சிக்கோ குடும்பத்தோடு போகிறவர் இடுப்பில் ரிவால்வரோடு போக முடியாது. விடுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் வளாகத்துக்குள் காரை விடும்போது வண்டியில் அது இருக்கக் கூடாது. அடுத்தது எல்லை. உரிமம் செல்லுபடியாகும் பகுதி ஒரு மாவட்டம், ஒரு மாநிலம், நாடு முழுவதும் என்று வேறுபடும். உங்கள் அப்பாவின் புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்று மட்டும் இருந்தால், ஏற்காடு சரி. பெங்களூருச் சாலையில் தொப்பூர் வந்தாலே தருமபுரி மாவட்டம், அவரே உடனிருந்தாலும் அது நிபந்தனை மீறல். நிபந்தனை மீறலுக்கு 30 ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சிறியதுதான், உரிமம் போய்விட்டால் திரும்பாது.

இவ்வளவு நுணுக்கமாக எங்களைக் கட்டிப்போடும் நிர்வாகம், தேர்தலுக்காகத் தன் பொறுப்பில் வாங்கிவைக்கும் துப்பாக்கிக்கு என்ன மரியாதை தருகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோதனைச் சாவடியில் நின்ற அந்தத் தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தேன். அட்டை கட்டி, சாக்கில் சுற்றி, மற்றவர்களுடையதோடு சேர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மலைக் காற்றின் ஈரம் சாக்கில் ஏறி, திரும்பக் கைக்கு வந்தபோது குழலுக்குள் துருப் பொரிந்திருந்தது. கட்டையில் வேறு யாருடைய துப்பாக்கியின் தாழ்ப்பாளோ கீறிய தழும்பு. எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லை. ஆயுதக் கடைக்கு வாடகை கொடுத்து வைக்கத் தொடங்கியது அதனால்தான். நான் சட்டத்துக்கு எதிரானவன் அல்லன். ஒரு தரப்புக்கு மட்டும் கடமை இருப்பதுதான் உறுத்துகிறது.

உங்கள் விஷயத்துக்கு ஒரு நேர்வழி உண்டு. அப்பாவுக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, அந்த ரிவால்வரை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசான உங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016 விதிகள் இடம் தருகின்றன. மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை அறிக்கை எல்லாம் புதிதாக விண்ணப்பிப்பவரைப் போலவே உண்டு, நாள் பிடிக்கும். விண்ணப்பத்தில் பகுதியைக் குறிப்பிடும் இடத்தில், பெங்களூரு போய்வர வேண்டிய காரணத்தை அப்போதே ஆதாரத்தோடு எழுதிவிடுங்கள்.