நேத்ராணியில் டைவ் முடித்து அன்றிரவே பெங்களூர் திரும்பலாமா? ஸ்கூபா கேள்வி பதில்

பெங்களூரிலிருந்து, கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வருக்குப் பக்கத்தில் இருக்கும் நேத்ராணி தீவு மாதிரி இடங்களுக்கு ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்குவது) போக நினைக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

அல்சூரிலிருந்து: அண்ணா, எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். முதல் தடவை இறங்குகிறவர்களோடு பயிற்சியாளர் கூடவே இருப்பார், ஆழமும் அதிகபட்சம் 12 மீட்டர்தான். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் வாங்க மட்டும் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும்.

மாரத்தஹள்ளியிலிருந்து: காது பயங்கரமாக வலிக்கும் என்கிறார்களே?

10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் வலி வருமுன்பே, இறங்க ஆரம்பித்ததுமே, மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதுங்கள், காதுக்குள் 'பொட்'டென்று சின்னதாகச் சத்தம் கேட்கும். அடிக்கடி இதைச் செய்ய வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி ஊதுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தால், கட்டிய பணம் போனாலும் சரி, அன்றைக்கு வேண்டாம்.

ஜெயநகரிலிருந்து: வெள்ளி இரவு பஸ்ஸில் முருடேஸ்வர், சனி காலை நேத்ராணி, அன்றிரவே பஸ் ஏறி ஞாயிறு காலை வீடு. விமானம் ஏறவில்லையே, சரிதானே?

தம்பி, இந்தத் திட்டத்தைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும், மேலே வந்த பிறகும் அது மணிக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வெளியேறும், அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் உள்ளேயே குமிழியாகி மூட்டுவலியிலிருந்து கைகால் முடங்குவது வரை கொண்டுபோய்விடும். டைவ் முடித்து விமானம் ஏறுமுன் காத்திருக்கச் சொல்லும் கணக்கு, ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. அந்தக் கணக்கு 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையான உயரத்துக்குப் பொருந்தும், நம் பெங்களூர் இருப்பதோ சுமார் 900 மீட்டரில்!

நானே இரண்டு டைவ் முடித்து அன்றிரவே திரும்பியிருக்கிறேன். டிக்கெட்டோடு சேர்த்து ஏற்பாடு செய்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹொன்னாவரிலிருந்து மலையேறி சாகர் தாண்டியதும் இடது தோள்பட்டைக்குள் யாரோ திருகுவது போல் வலி, எப்படிச் சாய்ந்தாலும் அடங்கவில்லை. கடைசியில் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். சனி மதியம் 12 மணிக்குக் கரையேறினால் ஞாயிறு காலை 6 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிடும். ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் கிளம்புங்கள், அவ்வளவுதான். அந்தமான் போகிறவர்களும், திரும்ப விமானம் ஏற வேண்டுமே, கடைசி நாளில் டைவ் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலையில் நேத்ராணி?

கிடையாது. மழைக்காலத்தில் படகு போகாது. அக்டோபருக்கு மேல் பாருங்கள்.

மகனுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. படிவத்தில் எழுத வேண்டுமா?

கண்டிப்பாக எழுதுங்கள் அக்கா. மறைக்கவே கூடாது. டைவிங் பற்றித் தெரிந்த மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் தண்ணீர்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை எடுத்து வரலாமா?

வேண்டாம். பவளம் உயிருள்ள பிராணி கட்டிய கூடு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, செத்த துண்டுக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பதில் ஒரு டார்ச் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குங்கள். ஆழம் போகப்போக முதலில் மங்குவது சிவப்புதான், எல்லாமே நீலச்சாம்பலாகத் தெரியும். ஒரு பவள விசிறியின் மேல் வெளிச்சத்தைக் காட்டுங்கள், அந்த இடம் மட்டும் குங்குமம் கொட்டியது போல் சிவந்து நிற்கும்.